மல்டிமீற்றரின் ‘பீப்’ மெலிந்துவிட்டால்: லயத்து வயரிங்கும் நமது காதுகளும்

மலையகத்தில் ஒரு லயன் குடியிருப்பு தீப்பற்றி எரிந்த செய்தி வரும்போது, கடைசி வரியில் பெரும்பாலும் ஒரே சொல் இருக்கும்: மின்னொழுக்கு. அந்தச் சொல்லோடு செய்தி முடிந்துவிடும். எந்த வயரில் ஒழுகியது, எர்த் இணைப்பு இருந்ததா, கடைசியாக யார் சோதித்துப் பார்த்தார்கள் என்ற கேள்விகள் எரிந்த தகரங்களோடு அகற்றப்பட்டுவிடும்.

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் வயரிங் வேலை தெரிந்தவர் என்று ஒருவர் எப்படியும் இருப்பார். முறையாகப் பயிற்சி பெற்றவராக இருக்கலாம். கொழும்பில் ஒரு கடையில் இரண்டு வருடம் உதவியாளராக நின்று பழகி வந்தவராகவும் இருக்கலாம். அவருடைய பையில் ஒரு ரெஸ்டர், ஒரு குறடு, கறுப்பு ரேப், அதோடு மஞ்சள் நிறத்தில் ஒரு மலிவான டிஜிட்டல் மல்டிமீற்றர் இருக்கும். அந்த மீற்றரில் அவர் அதிகம் நம்புவது எண்களை அல்ல, சத்தத்தை. இரண்டு முனைகளையும் ஒரு வயரின் இரு நுனிகளிலும் வைத்ததும் ‘பீப்’ என்றால் வயர் அறவில்லை. சத்தம் இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. ஏணியில் நின்று, கூரைக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டுக்கொண்டு திரையைப் பார்க்க முடியாது. காதுதான் அங்கே கண்.

அந்தச் சத்தம் மெலிந்துபோனால் என்ன ஆகும்? நல்ல வயரை அறுந்தது என்று நினைத்து மாற்றினால் காசுதான் நட்டம். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்ற எரிச்சலில் சோதனையையே விட்டுவிட்டு, ‘எர்த் இருக்கும்’ என்ற நம்பிக்கையில் மூடியைப் பூட்டிவிட்டு இறங்குவதுதான் ஆபத்து. ஆகவே இந்தச் சின்ன ‘பீப்’ ஏன் மெலிகிறது, வீட்டிலேயே எதைச் சரிசெய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது

மீற்றரைத் தொடர்ச்சிச் சோதனைக்குத் திருப்பி, சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒன்றோடொன்று நன்றாக அழுத்திப் பிடியுங்கள். சத்தம் தெளிவாக வருகிறதா? வருகிறதென்றால் பஸரில் குறையில்லை. நீங்கள் சோதித்த இடத்தில்தான் கோளாறு இருக்கிறது: துருப்பிடித்த ஆணி, கறுத்துப்போன செம்பு, இறுக்கம் குறைந்த சொக்கட். இந்த மீற்றர்கள் ஒரு குறிப்பிட்ட தடைக்குக் கீழே போனால்தான் ஒலிக்கும். பல மீற்றர்களில் அந்த எல்லை 30 ஓமிலிருந்து 70 ஓமுக்குள் எங்கோ இருக்கும். மாதிரிக்கு மாதிரி வேறுபடும். தடை அந்த எல்லையின் விளிம்பில் நின்றால், உள்ளே இருக்கும் சுற்று ஒலிப்பதா விடுவதா என்று தடுமாறும். அப்போது வரும் சத்தம் கரகரத்து, துண்டு துண்டாக, மெலிந்தது போலக் கேட்கும். இது மீற்றரின் நோயல்ல, வயரின் நோய்.

முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலும் சத்தம் மெலிவாகவே இருந்தால், குமிழை 200 ஓமுக்குத் திருப்பி மறுபடியும் தொட்டுப் பாருங்கள். நல்ல வயர்கள் என்றால் ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும். சில ஓம்கள் காட்டினாலோ, வயரை வளைக்கும்போது எண் துள்ளினாலோ, மீற்றரின் கைவயர் உள்ளே நைந்திருக்கிறது. பெரும்பாலும் பிடியை ஒட்டிய இடத்தில்தான் அது அறும். வேறு ஒரு சோடி வயரைப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. டிரி-830 என்று பொதுவாக அழைக்கப்படும் அந்த மஞ்சள் மீற்றர் வரிசையில் சிலவற்றுக்குப் பஸரே கிடையாது. டயோட் குறி மட்டும் இருக்கும், ஒலி அலைக் குறி இருக்காது. இரவல் வாங்கிய மீற்றரைத் திட்டுவதற்கு முன்னர் அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பற்றரியும் குளிரும்

1990களில் வடக்கில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்குப் பற்றரியைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. செத்துப்போன பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணித்தியாலம் உயிர் வாங்கியவர்கள் உண்டு. அந்த வெயில் வித்தைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பற்றரி குளிர்ந்தால் அதன் உள்தடை கூடும். சூடானால் கொஞ்சம் குறையும்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாத அதிகாலைகளில் புல்லில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும் ஊர். இரவு முழுதும் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த மீற்றர் காலையில் முனகுவதும், அதே மீற்றர் மத்தியானம் நன்றாக ஒலிப்பதும் மாயமல்ல. பற்றரியைக் கழற்றிப் பத்து நிமிடம் சட்டைப் பைக்குள் வைத்திருந்து மறுபடி போட்டுப் பாருங்கள். சத்தம் கூடினால் பற்றரி வயதானது. மாற்றிவிடுங்கள்.

பற்றரியைக் கண்டுபிடிக்க இன்னும் எளிய வழி உண்டு. முனைகளைத் தொட்டு ஒலிக்க வைத்துக்கொண்டே திரையைப் பாருங்கள். ஒலிக்கும் நேரத்தில் மட்டும் எழுத்துகள் மங்கினால், பஸர் இழுக்கும் சிறு மின்னோட்டத்தையே பற்றரியால் தாங்க முடியவில்லை என்று பொருள். புதிய 9 வோல்ற் அல்கலைன் பற்றரி ஒன்றை வேறு மீற்றரால் அளந்தால் 9.5 வோல்ற் அளவில் காட்டும். பல மீற்றர்கள் 7 வோல்ற் அளவுக்கு இறங்கிய பிறகுதான் திரையில் பற்றரிக் குறியைக் காட்டும். மீள்சார்ஜ் செய்யக்கூடிய ‘9 வோல்ற்’ பற்றரிகளில் சில உண்மையில் 7.2 வோல்ற் அல்லது 8.4 வோல்ற் மட்டுமே தருபவை. அதைப் போட்டுவிட்டுச் சத்தம் குறைந்துவிட்டது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பற்றரியை இவ்வளவு வலியுறுத்துவது சத்தத்துக்காக மட்டுமல்ல. இந்த மலிவு மீற்றர்களின் உள்ளே இருக்கும் ஒப்பீட்டு வோல்ற்றளவு பற்றரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பற்றரி மிகவும் இறங்கிவிட்டால் அதுவும் சேர்ந்து சரியும், மீற்றர் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். இன்னும் இறங்கினால் எதைக் காட்டும் என்று சொல்ல முடியாது. மின்சாரம் இருக்கும் வயரை இல்லை என்று காட்டும் மீற்றர் ஒருவரைக் கொல்லும். மெலிந்த ‘பீப்’ சில வேளைகளில் அதற்கான முன்னறிவிப்பு.

உள்ளே என்ன இருக்கிறது

பற்றரி புதிது, கைவயர் நல்லது, ஆனாலும் சத்தம் மெலிவு. இனி மூடியைத் திறக்கலாம். திறப்பதற்கு முன்னர் இரண்டு கைவயர்களையும் மீற்றரிலிருந்து கழற்றிவிடுங்கள். இதில் விதிவிலக்கு இல்லை.

உள்ளே நாணயம் போன்ற மஞ்சள் நிறப் பித்தளைத் தட்டு ஒன்று இருக்கும். அதன் மேல் வெள்ளையாக ஒட்டியிருப்பது பீசோ எனப்படும் பீங்கான் வகை. மின்னழுத்தம் மாறும்போது அது நுண்ணளவில் சுருங்கி விரியும். பித்தளை அதோடு சேர்ந்து வளையும். ஒரு விநாடிக்கு 2,000 தொடக்கம் 4,000 தடவை இப்படி வளைவதுதான் நமக்குக் கேட்கும் ‘பீப்’. சில மீற்றர்களில் இந்தத் தட்டு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைக்கப்பட்டுப் பலகையில் பொருத்தப்பட்டிருக்கும்.

பித்தளைத் தட்டைக் கையில் தனியாகப் பிடித்து ஒலிக்க வைத்தால் கொசு சத்தம்தான் வரும். அதன் விளிம்பு பெட்டியோடு ஒட்டி, பின்னால் ஒரு சிறு காற்றறை இருந்தால்தான் சத்தம் பெருகும். மிருதங்கத்தின் தோலைக் கட்டையிலிருந்து பிரித்துத் தட்டினால் எப்படியோ அப்படி. ஆகவே மீற்றர் கீழே விழுந்து, அந்தப் பசை பாதி விட்டிருந்தால் சத்தம் சட்டென்று படுத்துவிடும். மீற்றரை ஒலிக்க வைத்துக்கொண்டே பின்மூடியில் தட்டு இருக்கும் இடத்தை விரலால் அழுத்துங்கள். சத்தம் கூடினால் பசைதான் காரணம். விளிம்பில் மட்டும் மெல்லிய வளையமாகப் பசை வைத்து ஒட்டுங்கள். நடுவில் பசை பட்டால் தட்டு வளைய முடியாது, முன்பைவிட மோசமாகும்.

வேறு சில மீற்றர்களில் தட்டு பின்மூடியில் ஒட்டியிருக்கும். பலகையிலிருந்து வரும் இரண்டு சிறு சுருள்கள் மூடியைப் பூட்டும்போது அதில் முட்டும். பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்துபோகும் ஊரில் இந்தச் சுருள்கள் பச்சை பிடிப்பது சாதாரணம். பாடசாலைப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்து, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்து, சுருளை ஒரு மில்லிமீற்றர் அளவு மேலே இழுத்துவிட்டால் போதும். அப்படியே குமிழையும் இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். உள்ளே உள்ள தொடுகைகளின் அழுக்கு ஓரளவு போகும்.

புதிதாக வாங்கிய மீற்றர் என்றால் முதலில் வெளியே பாருங்கள். ஒலித் துளையின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை யாரும் உரிக்காமலே விட்டிருப்பார்கள். இறப்பர் உறை துளையை மூடியிருக்கும். சில பெட்டிகளில் துளையே இருக்காது. அதற்காக ஆணியைக் காய்ச்சித் துளை போடும் வேலை வேண்டாம். அந்தப் பெட்டிதான் 230 வோல்ற்றுக்கும் உங்கள் உள்ளங்கைக்கும் இடையிலுள்ள ஒரே சுவர்.

பஸரை மாற்றுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கடையில் ‘பஸர்’ என்று கேட்டால் பார்வைக்கு ஒரே மாதிரியான கறுப்பு டப்பாக்கள் பல வகையில் கிடைக்கும். ஒன்று, பற்றரியை நேரே கொடுத்தாலே தானாக ஒலிப்பது. மற்றொன்று, வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்தால்தான் ஒலிப்பது. மூன்றாவது, உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளது. மல்டிமீற்றரின் சுற்று பெரும்பாலும் பீசோவுக்கு அதிர்வலை கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அங்கே காந்த வகையைப் போட்டால் அது கேட்கும் மின்னோட்டத்தை அந்தச் சுற்றால் கொடுக்க முடியாது. சத்தம் முன்பைவிட மெலியும். தானாக ஒலிக்கும் வகையைப் போட்டால் கரகரப்புத்தான் மிஞ்சும். ஆகவே கழற்றிய தட்டைக் கையில் கொண்டுபோய், அதே விட்டத்தில் வெறும் பீசோத் தட்டு என்று கேட்டு வாங்குங்கள். ஒலிக்கும் வாழ்த்து மடல்கள், பழைய அலாரம் மணிக்கூடுகள் ஆகியவற்றின் உள்ளேயும் இதே தட்டு இருக்கும்.

பழைய தட்டு உடைந்திருக்கிறதா என்று அறிய, கொள்ளளவம் அளக்கும் மீற்றர் ஒன்று கிடைத்தால் நல்லது. 27 மில்லிமீற்றர் தட்டு ஒன்று ஏறக்குறைய 20 நனோபரட் காட்டும். பீங்கானில் வெடிப்பு இருந்தால் அதைவிட வெகுவாகக் குறையும். ஈயம் வைத்து ஒட்டும்போது இரும்பை ஒரு விநாடிக்கு மேல் வெள்ளைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் மேலுள்ள வெள்ளிப் பூச்சு எரிந்து உரிந்துவிடும்.

பழுது மீற்றரில் இல்லாதபோது

எல்லாம் செய்தாயிற்று. பற்றரி, வயர், தட்டு எல்லாமே சரி. ஆனாலும் மெலிவாகவே கேட்கிறது. இப்போது மீற்றரை வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். “நல்லாத்தானே கேக்குது” என்று பிள்ளை சொன்னால், பழுதானது மீற்றர் அல்ல.

மனிதக் காது சத்தத்தால் சேதமடையும்போது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதலில் போவது 3,000 தொடக்கம் 6,000 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதி. அதிலும் 4,000 ஹேர்ட்ஸை ஒட்டித்தான் பள்ளம் விழும். கேட்டல் சோதனை வரைபடத்தில் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததுமே வைத்தியர்கள் இரைச்சலில் வேலை செய்தவரா, வெடிச்சத்தத்துக்கு அருகில் இருந்தவரா என்று கேட்பார்கள். பேச்சின் பெரும்பகுதி அதைவிடத் தாழ்ந்த ஒலிகளில் இருப்பதால், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். கேட்கிறதே என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம். பீசோத் தட்டின் ‘பீப்’ நேராக அந்தப் பள்ளத்துக்குள் போய் விழும்.

யாருக்கெல்லாம் இந்தப் பள்ளம் இருக்கக்கூடும் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போய்க் குடியேறி, 2009 வரை ஷெல் சத்தத்துக்குள் வாழ்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவர்களில் சிலர் திரும்பி வந்து தோட்டத்துச் சொந்தங்களோடு இருக்கிறார்கள். பங்கருக்குள் இருந்தவர்களுக்கு வெளியே காயம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. போரே பார்க்காதவர்களிலும் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர்களுக்கும் விசிறிகளுக்கும் நடுவில் இருபது வருடம் நின்றவர்கள் உண்டு. எட்டு மணித்தியால வேலைக்கு 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் பரிந்துரை. நமது தொழிற்சாலைகளில் காதுக்கு அடைப்பான் போட்டு வேலை செய்பவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

காதுக்குள் நிரந்தரமாக ஒரு ரீங்காரம், கூட்டத்தில் பேச்சுப் புரியாமை, தொலைபேசியை ஒரே காதில் மட்டும் வைக்கும் பழக்கம் ஆகியவை இருந்தால் அரச வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டிப் பாருங்கள். மல்டிமீற்றரைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

அதுவரை வேலை நிற்க வேண்டியதில்லை. சத்தத்தோடு வெளிச்சமும் காட்டும் மீற்றர்கள் இருக்கின்றன. அடுத்த தடவை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் இரண்டு டோர்ச் பற்றரி, ஒரு டோர்ச் பல்ப், இரண்டு துண்டு வயர் போதும். பல்ப் எரிந்தால் தொடர்ச்சி இருக்கிறது. மின்சாரம் முற்றாக நிறுத்தப்பட்ட வயரில் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். தொலைபேசி, ரிவி போன்றவற்றின் பலகைகளில் வைத்தால் அவற்றைக் கெடுத்துவிடும். தானாக ஒலிக்கும் காந்த பஸர்களில் பல 2,300 ஹேர்ட்ஸை ஒட்டிய தடித்த சத்தம் தருபவை. மீற்றருக்குள் பொருந்தாத அதே டப்பாவைப் பல்ப்புக்குப் பதிலாக இங்கே போட்டால், 4,000ல் கேட்காதவர்களில் சிலருக்கு அது கேட்கும்.

சத்தம் சொல்லாதது

லயத்து வயரிங்குக்கு வருவோம். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918ல் மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எழுதிச் சமர்ப்பித்தார். லக்சபான மின்நிலையம் 1950ல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை, மேல்கொத்மலை என்று நீர் தேங்கியது எல்லாம் தோட்டங்களின் நடுவில்தான். நாட்டுக்கு வெளிச்சம் போன பிறகு வெகுகாலம் கழித்தே பல லயங்களுக்கு அது வந்தது. வந்தபோதும் ஒரு காம்பிராவுக்கு என்று கொடுத்த இணைப்பு, பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் பின்பக்கம் ஒட்டிக் கட்டிய அறைகளுக்கும் இழுக்கப்பட்டது. சில இடங்களில் பக்கத்து வீட்டுக்கும்.

ஆகவே உங்கள் மெயின் சுவிட்சை நிறுத்தியதும் உங்கள் சுவரிலுள்ள எல்லா வயரும் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் காம்பிராவிலிருந்தும் மின்சாரம் வரலாம். முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஒரு சொக்கட்டில் மீற்றரை மாறுதிசை வோல்ற் அளவில் வைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் வயரைப் பாருங்கள். பிறகு மறுபடியும் அந்தச் சொக்கட்டைப் பாருங்கள். மூன்றாவது தடவையும் மீற்றர் சரியாகக் காட்டினால்தான் நடுவில் காட்டிய பூச்சியத்தை நம்பலாம். அதன் பிறகே தொடர்ச்சிச் சோதனை. மின்சாரம் உள்ள வயரில் அந்த நிலையில் வைத்தால் மீற்றர் வெடிக்கக்கூடும். பழைய வயரிங்கில் பச்சை எர்த், சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல். புதியதில் பச்சை-மஞ்சள், மண்ணிறம், நீலம். இரண்டும் கலந்து கிடக்கும் லயத்தில் நிறத்தை மட்டும் நம்பி எதையும் வெட்டக்கூடாது.

எர்த் வயரைச் சோதிக்கும்போது ‘பீப்’ வந்ததும் இறங்கிவிடாதீர்கள். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொங்கினாலும் அது ஒலிக்கும். 40 ஓமில் ஒலிக்கும் மீற்றர் துருப்பிடித்த மூட்டையும் நல்லது என்றே சொல்லும். குமிழை 200 ஓமுக்கு மாற்றி எண்ணைப் பாருங்கள். முனைகளை ஒன்றோடொன்று தொட்டபோது வந்த எண்ணை அதிலிருந்து கழியுங்கள். ஒரு வீட்டுக்குள் ஓடும் எர்த் வயர் ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஐந்தோ பத்தோ காட்டினால் எங்கோ ஒரு மூட்டு கறுத்திருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துச் சுரண்டி இறுக்க வேண்டும். மூட்டுக்குப் பின்னால் நிலத்தில் அடித்த கம்பி உண்மையிலேயே மண்ணோடு நல்ல தொடர்பில் இருக்கிறதா என்பதை இந்த மீற்றரால் சொல்ல முடியாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும், தகுதி பெற்ற மின்னியலாளர் வேண்டும்.

ட்ரிப் சுவிட்சிலுள்ள ‘ரெஸ்ட்’ பொத்தானை அழுத்தி அது விழுந்தால் எல்லாம் பத்திரம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அந்தப் பொத்தான் சுவிட்சின் உள்ளே உள்ள ஒரு தடையின் ஊடாகச் செயற்கையாக ஒழுக்கை உண்டாக்கி, சுவிட்ச் விழுகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. எர்த் வயர் வெட்டிக் கிடந்தாலும் அது விழும். அந்தச் சுவிட்ச் இருக்கட்டும், 30 மில்லிஅம்பியர் ஒழுக்கில் அது விழ வேண்டும், மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், அரிசி வேகவைக்கும் சட்டி ஆகியவற்றின் உலோக உடம்புக்கும் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் இடையில் எத்தனை ஓம் என்று தனியாக அளந்து, சுவரில் ஒரு துண்டுத் தாளில் திகதியோடு எழுதி ஒட்டுங்கள். அடுத்த மாரிக்குப் பிறகு அதே எண் வருகிறதா என்று பார்க்கலாம்.